மேடைக்கு 80 மீட்டர்: ஜென்செட்டா, தடித்த கேபிளா, லோடைக் குறைப்பதா?

தோட்டத் தொழிலாளர் லயங்கள் இடிபட்டு, ஜனங்கள் டவுன் பக்கத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபோன பிறகும், செம்பனைக்கு நடுவில் கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இப்படிப்பட்ட தோட்டக் கோயில்கள் ஒன்றிரண்டு அல்ல. டிஎன்பி (மின்சாரக் கம்பெனி) மீட்டர் கோயில் சுவரில் இருக்கும். மேடையும் அன்னதானக் கூடாரமும் போட இடம் கிடைப்பதோ பழைய திடலில். இரண்டுக்கும் நடுவே 80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திருவிழாக் கமிட்டி கூடினால் வரவு செலவுக்கு அடுத்தபடி நேரத்தைத் தின்பது இந்த 80 மீட்டர்தான்.

ஒருவர் "இருக்கற எக்ஸ்டென்ஷனையே இழுங்கண்ணே, போன வருஷம் ஓடலையா?" என்பார். இன்னொருவர் நல்ல தடித்த கேபிளாக ஒரேயடியாக வாங்கிப் போட்டுவிடலாம் என்பார். ஜென்செட் (ஜெனரேட்டர்) வாடகைக்குத் தருகிறவரைத் தெரிந்தவர் ஒருவர் எந்தக் கமிட்டியிலும் இருப்பார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. கணக்கோ ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஜெர்மனிக்காரர் ஓம் 1827இல் எழுதி வைத்ததும், ஆங்கிலேயர் ஜூல் 1840களில் கண்டுபிடித்ததும் சேர்ந்தால் நம் திடலுக்குத் தேவையான அத்தனையும் வந்துவிடும்.

முதலில் லோடு, அதாவது திடலில் ஓடும் சாமான்களின் மொத்த வாட். 500 வாட் ஹாலஜன் நான்கு, ஆக 2,000 வாட். டீத்தண்ணிக்கு மின்சார பாய்லர் ஒன்று, 2,500 வாட். ஒலிபெருக்கி 300 வாட், காற்றாடி நான்கும் சேர்ந்து 260 வாட். மொத்தம் 5,060 வாட். நம் நாட்டில் பெயரளவு வோல்ட் 230. 5,060ஐ 230ஆல் வகுத்தால் 22 ஆம்பியர். அந்த 230ஐ 22ஆல் வகுத்தால் 10.45 ஓம். திடலில் இருக்கும் அத்தனை சாமானையும் ஒரே பொருளாகப் பார்த்தால் அதன் மின்தடை இவ்வளவு.

இனி வயர். நீட்டும் கயிறு 80 மீட்டர்தான், ஆனால் மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், அதனால் 160 மீட்டர் செம்பு. கமிட்டிக் கணக்குகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் தவறும். 80க்கே கணக்குப் போட்டுவிட்டு "தாங்கும்" என்பார்கள். சாதாரண எக்ஸ்டென்ஷனில் இருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் இழைச் செம்பு. அதற்குக் கிலோமீட்டருக்கு 13.3 ஓம் வரை தரநிலை அனுமதிக்கிறது. 160 மீட்டருக்கு 2.13 ஓம்.

2.13 ஓம் கேட்க அற்பமாக இருக்கும். சேர்த்துப் பாருங்கள்: 10.45ம் 2.13ம் 12.58 ஓம். 230ஐ அதால் வகுத்தால் 18.3 ஆம்பியர். திடலில் போய்ச் சேரும் வோல்ட், 18.3ஐ 10.45ஆல் பெருக்கினால், 191. மீதி 39 வோல்ட் வழியிலேயே போயிற்று. அந்த 39ஐ 18.3ஆல் பெருக்கினால் 710 வாட்டுக்கு மேல். அவ்வளவும் வயரைச் சூடாக்க மட்டும் போகிறது, மீட்டர் அதற்கும் சேர்த்தே ஓடும்.

திடலில் இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும்? பாய்லர் 2,500 வாட் அல்ல, 1,725 வாட் பாய்லராகிவிடும். வோல்ட் 17 விழுக்காடு குறைந்தால் வாட் அதே 17 குறையாது. இருமடிக் கணக்கில் 31 விழுக்காடு குறையும். 20 லிட்டர் தண்ணீர் 42 நிமிடத்தில் கொதிக்க வேண்டியது ஒரு மணி நேரம் எடுக்கும், ஆவியாகும் சூட்டைக் கணக்கில் சேர்க்காமலே. ஹாலஜன் இன்னும் மோசம். இழை விளக்கில் வெளிச்சம் வோல்ட்டைவிட மிக வேகமாக விழும். 191 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான். பாய்லரின் தெர்மோஸ்டாட் தானாக அணையும்போது திடலில் வோல்ட் 208க்கு ஏறும், திரும்பப் பிடித்தால் 191க்கு இறங்கும். மேடை விளக்கு மங்கி மங்கி எரிவதற்கு டிஎன்பியைத் திட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். டிஎன்பி கோயில் சுவர் வரைக்கும் சரியாகத்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கும்.

(ஹாலஜனின் மின்தடை மாறாதது என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. உண்மையில் இழை சூடு குறைந்தால் மின்தடையும் குறையும், ஆம்பியர் சற்றுக் கூடும். முடிவை அது மாற்றாது.)

"பியூஸ் இருக்கே, அது பார்த்துக்கும்" என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. 13 ஆம்பியர் பிளக் பியூஸ், 14 ஆம்பியர் ஓடிய உடனே அறுந்து விழும் பொருள் அல்ல. 18 ஆம்பியரை அது நெடுநேரம் தாங்கி நிற்கும். அதற்குள் பிளக் முனை பழுத்துவிடும். எக்ஸ்டென்ஷனை ரீலில் சுற்றியபடியே விட்டிருந்தால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக் இளகும்.

அதைவிட எனக்குப் பயம், எக்ஸ்டென்ஷனோடு எக்ஸ்டென்ஷன் சேர்க்கும் இடம். தேய்ந்த சாக்கெட் ஒன்றில் வெறும் 0.1 ஓம் கூடுதல் தடை என்று வையுங்கள். ஆம்பியரை ஓமால் பெருக்கினால் வோல்ட், அதை மறுபடி ஆம்பியரால் பெருக்கினால் வாட்: 18.3 பெருக்கல் 18.3 பெருக்கல் 0.1, அதாவது 33 வாட். வயரில் போகும் 710 வாட் 80 மீட்டருக்குப் பரவுகிறது; இந்த 33 வாட்டோ சுண்டுவிரல் நுனி அளவு பித்தளையில். ஈயம் உருக்கும் சால்டரிங் அயனை சாக்கெட்டுக்குள் சொருகி விடிய விடிய எரிய விட்டதற்குச் சமம் அது. அதே மூட்டில் 3.3 ஆம்பியர் மட்டும் ஓடினால் 1 வாட்தான். ஆம்பியர் ஐந்தரை மடங்கு குறைந்தால் சூடு முப்பது மடங்கு குறைகிறது. ஜூல் கண்டுபிடித்ததில் நமக்கு வேண்டியது இதுதான். இந்த ஒரு கணக்கு புரிந்தவர்களுக்கு மீதிக் கட்டுரை தேவைப்படாது.

ஆக, "இருக்கறதையே இழுங்க" என்பது இந்த லோடுக்கு ஆகாது. போன வருஷம் ஓடியது என்பது, போன வருஷம் பற்றிக்கொள்ளவில்லை என்பது மட்டுமே.

சரி, தடித்த கேபிள். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் போக வர 1.28 ஓம், 25 வோல்ட் இழப்பு, ஏறக்குறைய 11 விழுக்காடு. 4 போட்டால் 0.79 ஓம், 16 வோல்ட், 7 விழுக்காடு. 6 போட்டால் 11 வோல்ட், 5 விழுக்காட்டுக்குச் சற்றே கீழே. வயரிங்கில் பொதுவாக 4 விழுக்காட்டுக்குள், அதாவது 9 வோல்ட்டுக்குள், இழப்பை வைக்கப் பார்ப்பார்கள். 10 சதுர மில்லிமீட்டருக்குப் போனால்தான் 6.5 வோல்ட்டாகி அதற்குள் அடங்கும்.

10 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர் (உள்ளே மூன்று வயர்), 80 மீட்டர் என்றால் செம்பு மட்டுமே 21 கிலோவுக்கு மேல். மேலுறையைச் சேர்த்தால் இன்னும் ஏறும். 2.5க்கு இதே நீளத்தில் செம்பு ஐந்தரைக் கிலோதான். கேபிளின் விலை செம்பின் எடையோடு போவதால், நான்கு மடங்கு என்று மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். வருஷத்தில் மூன்று நாள் திருவிழாவுக்கு இவ்வளவு பணத்தைப் போட்டு, மீதி நாளெல்லாம் அதைக் கோயில் பின்னறையில் பூட்டிக் காவல் காப்பதா என்று பொருளாளர் கேட்டால் நான் பொருளாளர் பக்கம்தான். செம்புக் கேபிள் காணாமல் போவது தோட்டப்புறத்தில் புதிய செய்தி அல்ல. திடலிலேயே நிரந்தரமாக மண்டபம் கட்டும் எண்ணம் இருந்தால் கதை வேறு. அப்போது கேபிளைப் பூமிக்கடியில் போட்டுவிடலாம், வருஷம் முழுக்கப் பயன்படும்.

ஜென்செட்டின் பெரிய பலம், தூரத்தையே இல்லாமல் ஆக்குவது. மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிறுத்தினால் 2.5 கேபிளே போதும். முழு லோடில் 5 வோல்ட்தான் இழப்பு. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் விளக்கு எரிந்ததே தோட்டத்து ஜெனரேட்டரில்தான், அதனால் பெரியவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம். ஆனால் வாடகைக்கு எடுக்கும்போது மேலே பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். அது சில நிமிடம் தாங்கும் உச்ச அளவாக இருக்கலாம். தொடர்ந்து ஓடும் அளவு பெயர்ப்பலகையில் தனியாக இருக்கும். கேவிஏ என்று போட்டிருந்தால் அது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வந்தது. வாட் அதைவிடக் குறைவாக இருக்கலாம். பாய்லர், ஹாலஜன் போன்ற சூடு தரும் சாமான்களில் இரண்டும் ஒன்றே. மோட்டார், சோக் வைத்த டியூப் லைட்டில் ஒன்றல்ல. பழைய சோக் டியூப் லைட் இழுக்கும் ஆம்பியரை 230ஆல் பெருக்கினால் அதன் உண்மையான வாட்டைப்போல் இரண்டு மடங்கு வரும். நம் 5,060 வாட்டுக்கு 5 கேவிஏ ஜென்செட் பிடித்தால் முதல் பாட்டிலேயே திணறும். 7 அல்லது 8 வேண்டும்.

பெட்ரோல் கணக்கும் உண்டு. ஒரு லிட்டரில் சுமார் 9 யூனிட் வெப்பம் இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கித் தரும். 5 கிலோவாட்டை ஓட்ட மணிக்கு மூன்று லிட்டர் பக்கம் போகும். இரவு ஏழிலிருந்து பன்னிரண்டு வரை என்றால் ஒரு ஜெர்ரி கேன் நிறைய. அதை டீக்கடை அடுப்புக்கும் தீமிதிக் குழிக்கும் எட்டத்தில் வைக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றக்கூடாது, கூடாரத்துக்குள் புகை போகக்கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சத்தத்தைப் பற்றி உறுமி மேளக்காரர்கள் பேசட்டும்.

டிஎன்பியிடம் தற்காலிக இணைப்பு கேட்பது இன்னொரு வழி. பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் மூலம்தான் போக வேண்டும், நாள் பிடிக்கும், வைப்புத்தொகை கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், கடைகள் போடும் பெரிய கோயிலுக்கு அது சரி. நமக்கு வேண்டாம். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து இழுக்கும் யோசனையை யாராவது சொன்னால் கூட்டக் குறிப்பில்கூட எழுதாதீர்கள். 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின்படி அது குற்றம்.

இப்போது யாரும் வக்காலத்து வாங்காத வழி. அந்த 22 ஆம்பியரில் 19க்கு மேல் எதற்காகப் போகிறது என்று பாருங்கள். பாய்லருக்கும் ஹாலஜனுக்கும் சேர்த்து 4,500 வாட். ஹாலஜன் நான்குக்குப் பதில் 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட் நான்கு போட்டால் 2,000 வாட் 200 ஆகும், வெளிச்சம் கொஞ்சம் குறையலாம். பாய்லரை மீட்டர் பக்கத்திலேயே, கோயில் சமையல்கட்டில் வைத்துவிடலாம். அன்னதானத்துக்கு எப்படியும் கேஸ் அடுப்பு எரிகிறதே, அதில் ஒரு அண்டாவை ஏற்றிவிட்டாலும் தீர்ந்தது. டீயைத் தூக்கிக்கொண்டு 80 மீட்டர் நடக்கப் பையன்கள் இருக்கிறார்கள்.

மீதி 760 வாட். 230ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர். காற்றாடி மோட்டாருக்கும், மலிவு எல்இடியின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும் கொஞ்சம் கூட்டி 5 என்றே வையுங்கள். வயருக்கு வாட் தெரியாது, அதன் கண்ணில் படுவது ஆம்பியர் மட்டும்தான். 2.5 கேபிளில் 5 ஆம்பியருக்கு இழப்பு 6.4 வோல்ட், 3 விழுக்காட்டுக்குள். வயர் சூட்டில் போவது 32 வாட். முதலில் 710 வாட் வீணானதை நினைத்துப் பாருங்கள். இருக்கிற 1.5 எக்ஸ்டென்ஷனிலேயே போட்டால்கூட 10.7 வோல்ட், ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே, சூட்டில் ஆபத்தில்லை. ஆனாலும் மூட்டே இல்லாத ஒரே துண்டு என்பதற்காக நான் 2.5ஐ வாங்கச் சொல்வேன். கேபிள் பொதுவாக 100 மீட்டர் சுருளாகவே கிடைக்கும். மேலுறை ரப்பராக இருந்தால் மழைக்கும் மிதிக்கும் பிளாஸ்டிக்கைவிட நன்றாகத் தாங்கும்.

எல்இடியில் ஒரு குணம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஹாலஜன், வோல்ட் குறைந்தால் குறைவான ஆம்பியரோடு மங்கி அடங்கிவிடும். நல்ல எல்இடியின் சர்க்யூட், வெளிச்சத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு, வோல்ட் குறையக் குறைய ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். அதனால் அங்கே "230ஐ இத்தனை ஓமால் வகு" என்ற கணக்கு செல்லாது. வாட்டை எடுத்து வோல்ட்டால் வகுக்க வேண்டும். நம் அளவில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. விளக்கு மங்காததை வைத்து வயர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

பழைய கேபிள் ஒன்று கையில் இருக்கிறது, அதன் தடிமன் தெரியவில்லை, மேலே அச்சு அழிந்துவிட்டது என்றால்? மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளக்கலாம் என்று தோன்றும். சாதாரண மீட்டரின் சொந்த முனை வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். 1 ஓமை அதனிடம் கேட்பதில் பொருளில்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்துக் கண்டுபிடிப்பது மேல். கேபிளின் கடைசி முனையில் ஒரு கெட்டிலை மாட்டுங்கள். அணைத்து வைத்து அந்த முனையில் வோல்ட் பாருங்கள், 236 என்று வரட்டும். கெட்டிலைப் போட்டுப் பாருங்கள், 224. வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரில் 9 ஆம்பியர். விழுந்த 12 வோல்ட்டை 9ஆல் வகுத்தால் 1.33 ஓம். இதில் கோயில் வரைக்கும் வரும் டிஎன்பி லைனின் தடையும் கலந்திருக்கும்; மீட்டர் பக்கத்து சாக்கெட்டில் அதே கெட்டிலைப் போட்டு அதே மாதிரி அளந்து கழித்தால் கேபிளின் தடை மட்டும் நிற்கும். அங்கே 2 வோல்ட் விழுந்தால் 0.22, கழித்தால் 1.11 ஓம். 80 மீட்டர் கேபிளுக்கு இது வந்தால் 2.5 சதுர மில்லிமீட்டருக்கு உள்ள 1.28க்குள்தான் இருக்கிறது, சந்தேகப்பட வேண்டியதில்லை. 2 ஓமுக்கு மேல் வந்தால், ஒன்று அது 1.5, இல்லையென்றால் நடுவில் எங்கோ மூட்டு கெட்டிருக்கிறது. கை வைத்துத் தேடாதீர்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தேடுங்கள். கிளாம்ப் மீட்டர் ஒற்றை வயரைத்தான் பிடிக்க வேண்டும். போகும் வயரையும் வரும் வயரையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யம் காட்டும். இந்தச் சோதனையை வயர்மேனை வைத்தே செய்யுங்கள். வேலைக்கு எப்படியும் பதிவுபெற்ற வயர்மேன்தான் வர வேண்டும். சுருஹான்ஜாயா தெனாகாவின் (எரிசக்தி ஆணையத்தின்) சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பாய்லரைத் திடலிலிருந்து விலக்கச் சொல்வதற்கு ஆம்பியர் மட்டும் காரணமில்லை. வருஷம் முழுக்கச் சும்மா கிடந்த பாய்லரின் ஹீட்டருக்குள் ஈரம் ஏறியிருக்கும், கொஞ்சம் கசியும். மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதைக் கண்டு விழுந்துவிடும். பாய்லரும் மேடையும் ஒரே ஆர்சிசிபியில் இருந்தால், சாமி புறப்படும் நேரத்தில் டீத்தண்ணியால் மேடை இருட்டாகும். அப்போது யாராவது அவசரத்தில் ஆர்சிசிபியையே தாண்டி இணைப்புக் கொடுத்துவிடுவார். ஈரத் திடலில், வெறுங்காலோடு நிற்கும் கூட்டத்தில், செய்யவே கூடாதது அதுதான். பாய்லருக்குத் தனி, திடல் கேபிளுக்குத் தனி என்று இரண்டு ஆர்சிசிபி போட்டால் அந்தச் சபலமே வராது.

சமையல்கட்டு வேண்டாம், பாய்லர் திடலில்தான் இருக்க வேண்டும் என்று மாதர் குழுவினர் சொன்னால் (சொல்வார்கள், கூட்டம் அங்கேதானே இருக்கிறது), அதற்கு மட்டும் தனியாக இன்னொரு 2.5 கேபிள் இழுக்கலாம். 2,500 வாட் பாய்லரின் மின்தடை 21.2 ஓம், வயரோடு சேர்ந்தால் 22.4, ஆம்பியர் 10.25, வயரில் 13 வோல்ட். விளக்கு அந்த வயரில் இல்லாததால் மங்கல் யாருக்கும் தெரியாது. தண்ணீர் ஐந்து நிமிடம் தாமதமாகக் கொதிக்கும், அவ்வளவுதான். 80 மீட்டர் வீதம் இரண்டு 2.5 கேபிள் சேர்ந்தாலும் செம்பு 11 கிலோதான். ஒரு 10 சதுர மில்லிமீட்டர் கேபிளின் பாதி. ஜென்செட்டை, மின்சாரம் நின்றுபோனால் மைக்குக்கும் இரண்டு விளக்குக்கும் மட்டும் என்று சிறியதாக ஒன்று பிடித்து வைத்துக்கொள்ளலாம். 2 கேவிஏ போதும். அதைக் கோயில் லைனோடு சேர்க்காமல், சாமானைக் கழற்றி நேராக அதில் மாட்டுங்கள். டிஎன்பி ஆட்கள் லைனில் வேலை செய்துகொண்டிருக்கும்போது நம் ஜென்செட் அந்தப் பக்கம் மின்சாரம் ஏற்றிவிடக்கூடாது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் போட்டுவிட்டு, திடல் முனையில் வோல்ட் பாருங்கள். 220க்கு மேல் நின்றால் சரி. அரை மணி நேரம் கழித்து மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிளக்கையும் சாக்கெட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதை மாற்றிவிடுங்கள், இறுக்கிப் பார்த்துவிட்டு விடாதீர்கள். எலெக்ட்ரிக்கல் கடை மறுநாள் திருவிழாவுக்காக மூடியிருக்கும்.